அழும் பிள்ளையின் முன் சிரிக்கலாமா?



இரண்டு வயதுப் பிள்ளை வாழைப்பழம் கேட்கிறது. தாய் உரித்துக் கொடுக்கிறாள். உரித்தது பிழையாம், தானே உரித்திருக்க வேண்டுமாம். வேறொரு பழத்தை நீட்டினால் அதுவும் வேண்டாம். உரித்த பழத்துக்குத் தோலைத் திரும்ப ஒட்டித் தர வேண்டும். அது முடியாது என்று தாய் சொன்னதுதான் தாமதம், பிள்ளை நிலத்தில் விழுந்து, காலை உதைத்து, அயல் வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி குளறுகிறது.

இன்னொரு வீட்டில் பச்சைப் பேணிக்குப் பதிலாக நீலப் பேணியில் பால் வந்துவிட்டது. மற்றொரு வீட்டில் முழு இடியப்பம் பிய்ந்து இரண்டாகிவிட்டது. வேறொரு வீட்டில் சூரியன் அனுமதி கேளாமல் மறைந்துவிட்டான். காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். பிள்ளை நாண்டுகொண்டு நிற்கிறது. பிறகு விழுந்து புரள்கிறது.

இந்த வேளையில் பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறார்கள். தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரிப்பை அடக்குகிறாள். தகப்பன் பூவரசங் கம்பைத் தேடுகிறார். அடியாத மாடு படியாது என்று அப்பாச்சி நினைவூட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த சித்தப்பா கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார். இந்த நால்வரில் சரியாக நடந்தவர் யார்? ஒரு பிள்ளை உண்மையாகவே துன்பப்பட்டு அழும்போது நாம் சிரிக்கலாமா? சிரிக்கலாம் என்றால், எப்படிப்பட்ட சிரிப்பு?

பிள்ளைகுட்டி இல்லாத சுவாமிக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்க நேரத்தில் கோவிலின் கடைசி வாங்கில் நடப்பவையெல்லாம் பீடத்தில் நிற்பவருக்கே மிகத் தெளிவாகத் தெரியும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

முதலில் இந்த அடம் என்பது என்ன என்று பார்ப்போம். 1931 ஆம் ஆண்டு புளோரன்ஸ் குடினஃப் என்னும் அமெரிக்க உளவியலாளர் சிறு பிள்ளைகளின் கோபத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 45 பிள்ளைகளின் தாய்மார் தத்தம் வீட்டில் நாள்தோறும் நிகழ்ந்த கோபங்களைக் குறித்துக் கொடுத்தார்கள். இத்தகைய கோபம் இரண்டாவது வயதில் உச்சத்தை அடைந்து பின்னர் தணிந்து செல்கிறது என்பது அக்குறிப்புகளிலிருந்து தெரிந்தது. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பும், பிள்ளை களைத்திருக்கும் வேளையிலும், உடல் நலமில்லாத நாட்களிலும் அது கூடுகிறது என்பதும் தெரிந்தது. 2003 ஆம் ஆண்டு மைக்கேல் பொட்டேகல், றிச்சட் டேவிட்சன் என்னும் இரு ஆய்வாளர்கள், ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான 335 பிள்ளைகளின் பெற்றோர் தந்த விவரங்களை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் கண்டபடி, நான்கில் மூன்று பங்கு அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நீடிப்பவையே மிக அதிகம்.

ஐந்து நிமிடம்! இதை வாசிக்கும் தாய்மாரில் பலர் நம்பமாட்டார்கள். கடைத் தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் ஐந்து மணித்தியாலமாகத் தோன்றுவது இயல்பே.

ஆசையை அடக்கவும், பொறுத்திருக்கவும், எண்ணி நடக்கவும் உதவுகின்ற மூளையின் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகும் என்கிறார்கள் மருத்துவர்கள். இரண்டு வயதில் அந்த வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பிள்ளைக்கு விருப்பம் இருக்கிறது. விருப்பத்தைச் சொல்லச் சொல் போதாது. விருப்பத்தை அடக்கப் பலம் போதாது. ஆகவே அது முழு உடம்பாலும் பேசுகிறது.

இனி, இதில் சிரிப்பு எங்கே இருந்து வருகிறது? காரணம் கடுகளவு, துயரம் கடலளவு. இரண்டுக்கும் இடையில் உள்ள பொருத்தமின்மையே நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஒரு வாழைப்பழத் தோலுக்காக உலகமே முடிந்துவிட்டது போன்ற ஒப்பாரி! இதைக் கண்டு சிரிப்பு வருவது பாவமல்ல. அளவுகளை அளவுகளாகக் காணும் அறிவு நம்மிடம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஆனால் சிரிப்புக்கு இன்னொரு பிறப்பிடமும் உண்டு. 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேய மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ், மற்றவனிலும் நான் மேலானவன் என்று திடீரென உள்ளத்தில் எழும் பெருமிதத்தையே சிரிப்பு என்று கொண்டார். எல்லாச் சிரிப்பும் அப்படியல்ல என்று நாம் அவருக்கு மறுமொழி சொல்லலாம். ஆயினும் சில சிரிப்புகள் அப்படித்தான் என்பதை மறுக்க முடியாது. விழுந்தவனைப் பார்த்து நிற்பவன் சிரிக்கும் சிரிப்பு அது. வீட்டிலே விழுந்து கிடப்பவன் எப்போதும் சிறியவன்; நிற்பவர்கள் எப்போதும் நாம்.

இந்தச் சிரிப்பு எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். புனித அகுஸ்தீனார் தமது வாழ்க்கை வரலாற்றை நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அவர் அப்போது ஓர் ஆயர். குழந்தைப் பருவத்தின் கோபத்தை மறைக்காமல் எழுதியவர் அவர். தாம் கேட்டதைப் பெரியவர்கள் செய்யாதபோது அழுகையினால் அவர்களைப் பழிவாங்கினாராம். குழந்தையின் அந்தக் கோபத்தைக் குற்றமாகவே அவர் எண்ணினார். ஆனால் வயது போகப் போக இது நீங்கிவிடும் என்பதால் எல்லோரும் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதினார்.

அதே நூலில், சற்று வளர்ந்து பள்ளிக்கூடம் சென்ற காலத்தைப் பற்றியும் சொல்கிறார். ஆசிரியரிடம் அடி வாங்காமல் இருக்க வேண்டும் என்று அந்தச் சிறுவன் கடவுளை மன்றாடினான். அடி விழுந்தது. அவனுக்கு ஒரு தீங்கும் நேரக்கூடாது என்று விரும்பிய பெற்றோர்கூட, அந்தத் தழும்புகளைப் பார்த்துச் சிரித்தார்கள். அது தமக்கு அப்போது பெரும் துன்பமாக இருந்தது என்று எழுதுகிறார்.

சற்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெற்றோர் கெட்டவர்கள் அல்லர். அந்தத் தாய்தான் மகனுக்காக ஆண்டுக்கணக்கில் கண்ணீர் விட்ட மோனிக்கம்மாள். அவர்களுடைய கண்ணுக்கு அது பள்ளிக்கூடத்து அடி, நாளைக்கு மாறிவிடும் சிறு விஷயம். அளவைப் பொறுத்தவரை அவர்கள் சரியாகவே கண்டிருக்கலாம். ஆனால் முப்பது வருடங்களுக்கு மேல் சென்ற பின்பும், ஆயராகிய மகன் அடியோடு சேர்த்து அந்தச் சிரிப்பையும் நினைவில் வைத்திருந்தார். நாம் பிள்ளையின் முகத்துக்கு நேரே சிரிக்கும் சிரிப்பு எந்த நூலில் எழுதப்படும் என்று நமக்குத் தெரியாது.

இக்காலத்தில் இது இன்னும் பெரிய விஷயமாகிவிட்டது. முன்பு பிள்ளை அழுதால் வீட்டாரும் அயலாரும் மட்டும் கண்டார்கள். இன்றோ கைத்தொலைபேசி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நிலத்தில் புரண்ட பிள்ளையை, அதன் கண்ணீர் காயுமுன்னே, கனடாவில் உள்ள மாமியும் இலண்டனில் உள்ள பெரியப்பாவும் பார்த்துச் சிரிக்கிறார்கள். அமெரிக்காவில் ஜிம்மி கிம்மல் என்னும் தொலைக்காட்சி அறிவிப்பாளர் 2011 ஆம் ஆண்டில் இதையே ஒரு விளையாட்டாக்கினார். ஒக்டோபர் 31 ஆம் நாள் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று இனிப்புச் சேர்ப்பது அங்கே வழக்கம். அந்த இனிப்பு முழுவதையும் நாங்கள் சாப்பிட்டுவிட்டோம் என்று பெற்றோர் பொய் சொல்லி, பிள்ளை அழுவதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அனுப்பியவர்கள் ஏராளம்; பார்த்துச் சிரித்தவர்கள் அதிலும் ஏராளம். தானாக வந்த அழுகையைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. சிரிப்பதற்காகவே அழ வைப்பது வேறொன்று. முதலாவதில் பழகிய மனம் இரண்டாவதற்குச் செல்ல அதிக தூரம் இல்லை.

அப்படியானால் முகத்தை இறுக்கிக்கொண்டு இருப்பதுதான் புண்ணியமோ? அதுவும் இல்லை. 13 ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் தமது பெரிய இறையியல் நூலில் விளையாட்டையும் நகைச்சுவையையும் பற்றித் தனியே ஆராய்ந்திருக்கிறார். கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி, அளவோடு நகைப்பதும் ஒரு நற்பண்பு என்று அவர் நிலைநாட்டுகிறார். எப்போதும் வளைத்தே வைத்திருக்கும் வில் முறிந்துபோகும். ஓய்வில்லாத மனமும் அப்படியே என்கிறார். தானும் சிரியாமல், மற்றவர் சிரிப்பதையும் பொறாமல், கூட இருப்பவர்களுக்குப் பாரமாக இருப்பது குற்றம் என்றும் சொல்கிறார். வீட்டிலே தகப்பன் வந்தவுடன் எல்லோரும் மௌனமாகிவிட்டால், அதை மரியாதை என்று எண்ணிப் பெருமைப்படும் தகப்பன்மார் இதைக் கவனிப்பது நல்லது.

நகைச்சுவைக்கு அக்குவினாஸ் மூன்று வரம்புகளை வைக்கிறார். அவர் பிள்ளை வளர்ப்பை மனத்திற்கொண்டு அவற்றை எழுதவில்லை. ஆயினும் அவை நம் வீட்டுக்கு அப்படியே பொருந்துகின்றன.

முதல் வரம்பு: பிறரைப் புண்படுத்துவதில் இன்பம் தேடக்கூடாது. பிள்ளையைப் போல முகத்தைக் கோணி அழுது காட்டுவது, "அழுமூஞ்சி" என்று பட்டம் வைப்பது, வந்த விருந்தினர் முன் அந்தக் கதையைச் சொல்லி அதை நாணவைப்பது, எல்லாம் இந்த வரம்புக்கு வெளியே உள்ளவை. சிரிப்பு வந்தால் திரும்பி நின்று சிரியுங்கள். அடுப்படிக்குள் போய்ச் சிரியுங்கள். இரவில் பிள்ளை தூங்கிய பின் கணவனும் மனைவியும் சேர்ந்து மனம் நிறையச் சிரியுங்கள். அந்த இரவுச் சிரிப்பு மறுநாளைக்கு வேண்டிய பொறுமையைத் தருகிறது.

இரண்டாவது வரம்பு: சிரிப்பில் மனத்தின் நிதானத்தை முற்றாக இழந்துவிடக்கூடாது. சாப்பாட்டுக்கு முன் இனிப்பு இல்லை என்று சொன்னால், இல்லைதான். பிள்ளையின் அடம் வேடிக்கையாக இருக்கிறது என்பதற்காக இனிப்பை எடுத்துக் கொடுத்தால், நாளைக்கு இதைவிடப் பெரிய நாடகம் அரங்கேறும். அதற்கு நீங்களே கட்டணம் செலுத்துவீர்கள். நகைச்சுவை உள்ள தாய் இளகிய தாய் அல்ல. கோபம் இல்லாமல் "இல்லை" என்று சொல்லக்கூடியவள் அவள். கோபத்தோடு சொல்லும் "இல்லை" அடியில் முடிகிறது, அல்லது களைத்துப்போய் "சரி, எடு" என்பதில் முடிகிறது. அமைதியான "இல்லை" மட்டுமே நிலைத்து நிற்கிறது.

மூன்றாவது வரம்பு: ஆளும், நேரமும், இடமும் பார்க்க வேண்டும். பசியில் அழும் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவதில் பயனில்லை. சோறு கொடுக்க வேண்டும். தூக்கத்துக்கு அழும் பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டும். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கம்பைத் தேடுமுன் மணிக்கூட்டைப் பாருங்கள். அடம் நெடுநேரம் நீடித்து அடிக்கடி வந்தால், அல்லது பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்தினால், சிரிப்பையும் கண்டிப்பையும் விட்டுவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அப்பாச்சியின் பழமொழிக்கும் ஒரு மறுமொழி சொல்ல வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதிலும் ஐந்து என்றுதான் இருக்கிறதேயன்றி இரண்டு என்று இல்லை! இளங்கன்றை வளைக்கவும் ஒரு காலம் உண்டு. அதுவரை நீர் ஊற்றி வேலி அடைத்துக் காப்பதே வேலை. "இவன் என்னை மதிக்கிறானில்லை" என்று தகப்பன் நினைக்கும்போதுதான் கை ஓங்குகிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு மதிப்பும் தெரியாது, அவமதிப்பும் தெரியாது. வாழைப்பழத் தோல்தான் தெரியும். இதைக் கண்டுகொண்டவருக்கு முதலில் புன்னகை வரும். புன்னகை வந்த பிறகு கை ஓங்குவது கடினம். நகைச்சுவையின் பெரிய பயன் இதுவே. அது பிள்ளையைக் காப்பதற்கு முன் நம்மை நம் கோபத்திலிருந்து காக்கிறது.

நம் தமிழ் முன்னோருக்கு இந்த வித்தை தெரிந்திருந்தது. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் அரசன், சோற்றைத் துழாவி, வாயில் கவ்வி, நெய்ச் சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் சிறு பிள்ளையைப் பெரும் செல்வமாகப் பாடியிருக்கிறான். அந்த உடம்பைக் கழுவியது யார் என்று அரசன் சொல்லவில்லை. அது வேறு விஷயம். பிற்காலத்தில் வந்த பிள்ளைத்தமிழ் நூல்களில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. பிள்ளையோடு விளையாட வரும்படி நிலாவை அழைப்பது அது. முதலில் நீயும் எங்கள் பிள்ளையும் ஒன்று போல்வீர் என்று நிலாவிடம் நயந்து பேசுவார்கள். பிறகு உன்னிலும் எங்கள் பிள்ளை மேல் என்று வேறுபாடு காட்டுவார்கள். வந்தால் இன்ன நன்மை கிடைக்கும் என்பார்கள். கடைசியில், வராவிட்டால் தண்டனை கிடைக்கும் என்று மிரட்டுவார்கள். சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கும் அங்கே உண்டு. ஆனால் மிரட்டல் எல்லாம் நிலாவுக்கு. மடியும் சோறும் பிள்ளைக்கு! முற்றத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துச் சோறூட்டும் தாய் இன்றும் இதையே செய்கிறாள். பிள்ளையை விழுத்திய கதிரைக்கு அடி போடும் அம்மம்மாவும் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர். அங்கே பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பிள்ளையோடு சேர்ந்து சிரிக்கிறார்கள்.

கடைசியாக, நமக்கே ஒரு கண்ணாடி. யோனாவின் கதையை நீங்கள் அறிவீர்கள். நினிவே நகரம் அழியாமல் தப்பியதற்காகக் கோபித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தவர் அவர். நிழல் தந்த ஆமணக்குச் செடி ஒன்று வாடிப்போனதும், இனிச் சாவதே மேல் என்றார். வளர்ந்த மனிதர், அதிலும் இறைவாக்கினர். காரணம் ஒரு செடி! கடவுள் அவரை அடிக்கவில்லை, ஏளனம் செய்யவுமில்லை. இப்படிக் கோபிப்பது சரியோ என்று ஒரு கேள்வி கேட்டார். புத்தகமும் ஒரு கேள்வியோடுதான் முடிகிறது.

நம்மிடையேயும் யோனாக்கள் குறைவில்லை. திருநாள் நோட்டீசில் தமது பெயர் விடுபட்டதற்காக மூன்று வருடம் கோவிலுக்கு வராதவர்கள் உண்டு. கலியாண வீட்டில் முதற் பந்தியில் இருத்தவில்லை என்று சாப்பிடாமல் திரும்பியவர்கள் உண்டு. நிலத்தில் விழுந்து காலை உதைக்காததுதான் வித்தியாசம். நீலப் பேணிக்காக அழும் பிள்ளையின் அடம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நமது அடத்துக்கு இணக்கசபை வேண்டியிருக்கிறது. இதை நினைத்துக்கொண்டு பிள்ளையின் அருகில் குனிபவருக்கு வருகின்ற சிரிப்பில் பெருமிதம் இராது. அது உறவினர் ஒருவரை அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பாக இருக்கும்.

சிரிக்க முடியாத வீடுகளும் உண்டு என்பதை நான் அறிவேன். கணவன் கடல் கடந்து வேலை செய்ய, மூன்று பிள்ளைகளோடு தனித்து நிற்கும் தாய்க்கு, இரவு எட்டு மணிக்கு எதுவும் வேடிக்கையாகத் தோன்றாது. கணவனை இழந்தவர்கள், நோயாளியைப் பார்ப்பவர்கள், கடனில் மூழ்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், சிரியுங்கள் அம்மா, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது பெரிய கொடுமை. அவர்களுக்குச் சிரிப்பு கடமையல்ல. பிள்ளைக்கு அடிபடாத இடத்தில் அதை இருத்திவிட்டு, ஒரு கோப்பை தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தாலே போதும். அயலில் உள்ளவர்கள்தான் எழுந்து போக வேண்டும். வேலிக்கு அப்பால் ஒரு பிள்ளை குளறுவது கேட்டால், "என்ன பிள்ளை வளர்ப்போ" என்று முணுமுணுக்காமல், படலையைத் திறந்து போய், "கொஞ்ச நேரம் என்னட்டைத் தா, தங்கச்சி" என்று கையை நீட்டுங்கள்.

அந்தத் தாய்க்குச் சிரிப்பு திரும்பி வருவதற்கு அரை மணித்தியாலம் போதும். அதை யாராவது ஒருவர் அவளுக்குக் கொடுக்க வேண்டும்.